புகைக்கும் ஒரு வாசல் வேண்டும்!

ஏற்காட்டில் பொழுது சாய்கிறது.

ஏரிப் பக்கம் இருந்து மெல்லப் பனி எழுகிறது. மரங்களை மூடுகிறது. ரோட்டை மூடுகிறது. சற்று நேரத்தில் ஒண்டிக்கடை ரவுண்டானாவில் எதிரே வரும் ஆளின் முகம் தெரிவதில்லை. கார் விளக்குகள் மட்டும் மஞ்சள் பொட்டுகளாகத் தெரிகின்றன.

"ஒண்டி" என்றால் தனி. ஒண்டிக்கடை என்றால் தனியாக நிற்கும் கடை. பெயர்தான் அப்படி! இன்று அந்த இடத்தில் கடைகளுக்கும் குறைவில்லை, கூட்டத்துக்கும் குறைவில்லை. சேலத்தில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வருகிறவர்கள் வந்து சேரும் இடம் அது.

பனி இறங்கியதும் மலையில் எல்லா வீடுகளிலும் ஒரு வேலை நடக்கும். ஜன்னல்களைச் சாத்துவார்கள். கதவையும் சாத்துவார்கள். கதவின் அடியில் சந்து இருந்தால், அங்கே ஒரு பழைய துணியைச் சுருட்டி வைப்பார்கள். குளிர் உள்ளே வரக்கூடாது அல்லவா?

அப்படிப்பட்ட ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள்.

தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பேரன் தரையில் அமர்ந்து வீட்டுப் பாடம் எழுதுகிறான். சாப்பாடு முடிந்தது. தாத்தா சுருட்டைப் பற்ற வைக்கிறார்.

"தாத்தா, கண்ணு எரியுது!" என்கிறான் பேரன்.

மருமகளுக்கும் இருமல் வருகிறது. ஆனால் மாமனாரிடம் எப்படிச் சொல்வது? முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சமையல் அறைக்குப் போய்விடுகிறாள்.

மகன் ஒரு வழி கண்டுபிடிக்கிறான்.

"அப்பாவுக்கு ஒரு தனி அறை ஒதுக்குவோம். சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் பேன் மாட்டிவிடுவோம். புகை எல்லாம் வெளியே போய்விடும். யாருக்கும் தொந்தரவு இல்லை!"

நல்ல யோசனையாகத்தான் தோன்றுகிறது. ஆனால் புகை உண்மையில் வெளியே போய்விடுமா? பேரன் தப்பித்துவிடுவானா?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிய வேண்டுமானால், முதலில் சுருட்டின் கதையையும், பிறகு புகையின் குணத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

உலகம் சுற்றிய திருச்சி சுருட்டு

சுருட்டு நம் ஊர்ச் சரக்கு. புகையிலையைச் சுருட்டுவதால் சுருட்டு என்று பெயர் வந்தது. வெள்ளைக்காரர்கள் அதைத் தங்கள் வாய்க்கு வந்தபடி "செரூட்" என்று அழைத்தார்கள். இன்றும் ஆங்கில அகராதியில் அந்தச் சொல் இருக்கிறது. அதன் தாய் தமிழ்ச் சொல்தான்!

திருச்சியை அடுத்த உறையூர், சுருட்டுக்குப் பெயர் போன இடம். திண்டுக்கல்லிலும் சுருட்டுத் தொழில் செழித்து வளர்ந்தது. சென்னையில் பெரிய கடை வைத்திருந்த ஸ்பென்சர் கம்பெனி, திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. அங்கே தயாரான சுருட்டுகள் கப்பல் ஏறிச் சீமைக்குப் போயின.

இங்கிலாந்துப் பிரதமராக இருந்த சர்ச்சிலை வாயில் சுருட்டு இல்லாமல் பார்ப்பது அரிது. அவர் திருச்சி சுருட்டையும் விரும்பிப் பிடித்தார் என்று திருச்சி மக்கள் பெருமையாகச் சொல்வது உண்டு.

துப்பறியும் கதை மன்னன் ஷெர்லாக் ஹோம்ஸ் கூடத் திருச்சி சுருட்டை அறிவான்! ஹோம்ஸ் முதன்முதலாகத் தோன்றிய கதை 1887-ல் வெளிவந்தது. அதில் கொலை நடந்த அறையில் கொஞ்சம் சாம்பல் கிடக்கிறது. அதைப் பார்த்ததுமே, "கொலைகாரன் பிடித்தது திருச்சினாப்பள்ளி சுருட்டு" என்று ஹோம்ஸ் கண்டுபிடித்துவிடுகிறான்.

சுருட்டைப் பிடித்தவன் போய்விட்டாலும், சுருட்டின் தடயம் அறையை விட்டுப் போவதில்லை. கதையில் வரும் இந்த விஷயம், வாழ்க்கையிலும் உண்மை. அதைப் பின்னால் பார்ப்போம்.

துரைமார் கட்டிய புகைபோக்கிகள்

ஏற்காடு, கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 5 ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. சேர்வராயன் மலையின் குளிர் வெள்ளைக்காரர்களுக்குப் பிடித்துப் போயிற்று.

1820-களில் சேலம் கலெக்டராக இருந்தவர் காக்பர்ன். இந்த மலைக்குக் காபிச் செடியைக் கொண்டுவந்தவர் அவரே. கிரேஞ்ச் எஸ்டேட்டில் அவர் போட்ட விதை, பிறகு மலை முழுவதும் காபித் தோட்டமாகப் பரவியது. தோட்டத் துரைமார் வந்தார்கள். பங்களாக்கள் எழுந்தன.

அந்தப் பழைய பங்களாக்களைப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். கூரைக்கு மேலே செங்கல்லால் கட்டிய புகைபோக்கி நிற்கும். அறைக்குள்ளே, சுவரோடு சேர்ந்து கணப்பு அடுப்பு இருக்கும். குளிர் காலத்தில் அதில் விறகு எரியும். எரிகிற புகை புகைபோக்கி வழியாக மேலே போய்விடும்.

கூரைகளும் உயரம். ஜன்னல்களும் பெரியவை. அறைக்குள் ஒருவர் சுருட்டுப் பிடித்தாலும், புகை ஏறித் தங்குவதற்கு மேலே இடம் இருந்தது. வெளியேற வழியும் இருந்தது.

இன்று கட்டும் வீடுகள் அப்படி அல்ல. 10 அடி உயரத்தில் கான்கிரீட் தளம். சந்து இல்லாமல் மூடும் கண்ணாடி ஜன்னல். புகைபோக்கி கிடையாது. குளிருக்கு நல்லதுதான். புகைக்கோ அது சிறை!

அரண்மனையில் ஒரு தனி அறை

சுருட்டுப் பிடிப்பதற்கு என்றே வீட்டில் தனி அறை கட்டும் வழக்கம், 19-ம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பணக்காரர்களிடம் பரவியது.

விருந்து முடிந்ததும் ஆண்கள் எழுந்து அந்த அறைக்குப் போவார்கள். வெல்வெட் துணியில் ஒரு தனி அங்கி மாட்டிக்கொள்வார்கள். தலையில் ஒரு குல்லாய் வைத்துக்கொள்வார்கள். எதற்காக? சட்டையிலும் தலைமயிரிலும் புகை நாற்றம் ஏறாமல் இருப்பதற்காக! திரும்பி வரும்போது அங்கியையும் குல்லாயையும் கழற்றி வைத்துவிட்டு வருவார்கள்.

விக்டோரியா மகாராணிக்குப் புகையிலை நாற்றம் அறவே பிடிக்காது. ஆஸ்பர்ன் மாளிகையில் மகாராணியின் பெயரும் கணவர் ஆல்பர்ட்டின் பெயரும் சேர்ந்தாற்போல முதல் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். ஆனால் ஒரே ஓர் அறையின் வாசலில் மட்டும் ஆல்பர்ட்டின் எழுத்து மட்டும் தனியாக இருக்கிறது. அதுதான் சுருட்டுப் பிடிக்கும் அறை!

உலகத்தில் பல நாடுகளை ஆண்ட மகாராணி வீட்டிலேயே அந்த ஏற்பாடு என்றால், புகைத் தொந்தரவு எவ்வளவு பழமையானது என்று பாருங்கள்.

நம் ஊர்ப் பெரியவர்கள் அறை எதுவும் கட்டவில்லை. அவர்களுக்குத் திண்ணை இருந்தது. வீட்டுக்குள் சுருட்டுப் பற்ற வைப்பது மரியாதை இல்லை என்று நினைத்தவர்கள் பலர். சாப்பிட்டதும் வெளியே வந்து, திண்ணையில் அமர்ந்து பற்ற வைப்பார்கள். புகை தெருவோடு போய்விடும்.

அந்தத் திண்ணைக்குச் சுவர் ஒன்றுதான். மீதி எல்லாம் ஜன்னல்!

புகையின் குணம் என்ன?

சுருட்டின் நுனியில் இருந்து கிளம்பும் புகை சூடானது. சூடான காற்று இலேசானது. அதனால் நேராக மேலே ஏறுகிறது.

ஆனால் சில அடி ஏறுவதற்குள் ஆறிவிடுகிறது. ஆறியதும் ஏறுவதை நிறுத்திவிடுகிறது. பிறகு பக்கவாட்டில் பரவுகிறது. அறை முழுவதும் கலந்துவிடுகிறது.

புகையில் உள்ள துகள்கள் மிக மிகச் சிறியவை. தலைமயிரின் பருமனில் 50-ல் ஒரு பங்குகூட இருக்காது. அவ்வளவு சின்னத் துகள் எளிதில் கீழே படியாது. மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். மூச்சோடு நுரையீரலின் அடி ஆழம் வரை போகும்.

புகையிலைப் புகையில் 7 ஆயிரத்துக்கும் அதிகமான ரசாயனப் பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் சுமார் 70 பொருள்கள் புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை.

"நான் புகையை விழுங்குவது இல்லை. வாயில் வைத்து வெளியே விட்டுவிடுகிறேன்" என்று சுருட்டுப் பிடிக்கிறவர்கள் சொல்வது உண்டு. அவர் விழுங்காவிட்டால் அந்தப் புகை எங்கே போகிறது? அறைக்குத்தான் போகிறது! அதை பேரன் விழுங்குகிறான்.

சில பெரிய சுருட்டுகளில் ஒரு பாக்கெட் சிகரெட்டில் உள்ள அளவு புகையிலை இருக்கும். சிகரெட் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பெரிய சுருட்டு ஒரு மணி நேரத்துக்கு மேலும் எரியும். வாயில் இருந்தாலும் சரி, சாம்பல் தட்டில் இருந்தாலும் சரி, புகை வந்துகொண்டே இருக்கும்.

பேன் மாட்டினால் போதுமா? ஒரு கணக்கு

மகன் சொன்ன அறையைக் கட்டியே பார்ப்போம்.

நீளம் 12 அடி. அகலம் 10 அடி. உயரம் 10 அடி. பெருக்கினால் 1,200 கன அடி வருகிறது. அதாவது சுமார் 34 கன மீட்டர் காற்று.

நன்றாகச் சாத்திய அறையில், சந்து பொந்துகள் வழியாக இந்தக் காற்று ஒரு முறை மாற 2 மணி நேரம்கூட ஆகலாம்.

ஒரு முறை மாறினால் புகை முழுவதும் போய்விடுமா? போகாது. புதுக் காற்றும் புகையும் கலந்தேதான் வெளியேறும். மோரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாலும், வெகு நேரம் வெள்ளை நிறம் மாறாது அல்லவா? அதைப் போலத்தான். ஒரு முறை மாறிய பிறகும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புகை உள்ளேயே இருக்கும். மூன்று முறை மாறினால்தான் நூற்றுக்கு 5 பங்காகக் குறையும்.

அதாவது, தாத்தா இரவு 8 மணிக்குச் சுருட்டை அணைத்தால், அந்தப் புகை ஓரளவு தீர நள்ளிரவு 2 மணி ஆகும்! அது வரை அங்கே படுத்திருப்பவர்கள் அதையே சுவாசிப்பார்கள்.

அதனால்தான், புகை பிடிக்கும் அறையில் காற்று மணிக்கு 15 முதல் 20 தடவையாவது மாற வேண்டும் என்று கணக்கு வைக்கிறார்கள். 20 தடவை என்றால், 34 கன மீட்டரை 20-ஆல் பெருக்க வேண்டும். மணிக்கு 680 கன மீட்டர் காற்றை வெளியே தள்ளும் பேன் தேவை. பேன் வாங்கும்போது அந்த எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். இறக்கையின் அளவை மட்டும் பார்த்து வாங்கக்கூடாது.

அப்படிப்பட்ட பேன் ஓடினால், 9 நிமிடத்தில் காற்று மூன்று முறை மாறிவிடும். ஆனால் சுருட்டை அணைத்த பிறகுதான் இந்தக் கணக்கு. எரிந்துகொண்டிருக்கும் வரை புதுப் புகை வந்துகொண்டே இருக்குமே!

காற்று வர ஒரு வழி, போக ஒரு வழி

பேன் மாட்டுகிறவர்கள் பலர் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். காற்று வெளியே போக வேண்டுமானால், அதே அளவு காற்று உள்ளே வர வேண்டும். மூடிய பாட்டிலில் இருந்து உறிஞ்சிப் பாருங்கள். கொஞ்சம்தான் வரும். பிறகு வராது. அறையும் அப்படித்தான்.

அதனால் வழி இரண்டு வேண்டும். பேன் ஒரு சுவரில் உயரத்தில் இருக்க வேண்டும். காற்று வரும் வழி, எதிர்ச் சுவரில் தாழ்வாக இருக்க வேண்டும். அப்போதுதான் புதுக் காற்று அறை முழுவதும் நடந்து, புகையை வாரிக்கொண்டு போகும்.

பேனுக்குப் பக்கத்திலேயே ஜன்னலைத் திறந்து வைத்தால் என்ன ஆகும்? ஜன்னல் வழியாக வந்த நல்ல காற்றையே பேன் பிடித்து வெளியே தள்ளும். புகை அறையிலேயே ஹாயாக உட்கார்ந்திருக்கும்!

பேன் தள்ளும் புகை எங்கே போய் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். குழந்தை தூங்கும் அறையின் ஜன்னலுக்குக் கீழே பேன் இருந்தால், வாசல் வழியாகத் துரத்திய திருடனைக் கொல்லைப்புறமாக அழைத்து வந்த கதைதான்.

மேலே சுற்றும் சீலிங் பேன் புகையைக் கலக்குமே தவிர, வெளியேற்றாது. வீடுகளில் சாதாரணமாக மாட்டும் ஏ.சி., அறையில் உள்ள காற்றையே திரும்பத் திரும்பக் குளிர வைக்கிறது. ஊதுபத்தியும் சென்ட்டும் நாற்றத்தை மறைக்கும். புகையின் நஞ்சை மாற்றாது. காற்றைச் சுத்தம் செய்யும் எந்திரங்கள் துகள்களைப் பிடிக்கும். எல்லா விஷ வாயுக்களையும் பிடிக்க அவற்றால் முடியாது.

சட்டம் சொல்லும் அறை

புகை பிடிக்கும் அறை எப்படி இருக்க வேண்டும் என்று இந்திய அரசாங்கமே விதி வகுத்திருக்கிறது.

பொது இடங்களில் புகை பிடிப்பதைத் தடுக்க வேண்டும் என்று 2001-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டது. 2003-ல் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பொது இடங்களுக்கான புதிய விதிகள், 2008-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி, காந்தி ஜெயந்தி அன்று, அமலுக்கு வந்தன.

அந்த விதிகளின்படி, 30 அல்லது அதற்கு மேல் அறைகள் உள்ள ஓட்டல்கள், 30 அல்லது அதற்கு மேல் பேர் அமரக்கூடிய உணவு விடுதிகள், விமான நிலையங்கள் ஆகியவற்றில் தனி இடம் ஒதுக்க இடம் கொடுக்கப்பட்டது. அந்த இடம் எப்படி இருக்க வேண்டும்?

நான்கு பக்கமும் தளம் வரை சுவர் இருக்க வேண்டும். தட்டி வைத்து மறைத்தால் போதாது.

கதவு தானாகவே மூடிக்கொள்ள வேண்டும்.

அறையின் காற்று நேராக வெளியே போக வேண்டும். கட்டிடத்தின் மற்றப் பகுதிகளுக்குப் போகும் காற்றோடு அது கலக்கக் கூடாது.

அறைக்குள் காற்றழுத்தம், மற்றப் பகுதிகளைவிடக் குறைவாக இருக்க வேண்டும்.

இந்தக் கடைசி விதிதான் சூட்சுமம். உள்ளே அழுத்தம் குறைவாக இருந்தால், கதவைத் திறக்கும்போது கூடத்தில் இருக்கும் காற்று அறைக்குள் போகும். அறையின் புகை கூடத்துக்கு வராது. அழுத்தம் குறையவேண்டுமானால், உள்ளே வரும் காற்றின் வழியைவிடப் பேனின் இழுப்பு பலமாக இருக்க வேண்டும்.

வீட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். பேனை ஓட விடுங்கள். அறைக் கதவை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். வெளியே நின்று, அந்தச் சந்தின் அருகே ஓர் ஊதுபத்தியைப் பிடியுங்கள். பத்தியின் புகை அறைக்குள் இழுக்கப்பட்டால் ஏற்பாடு சரி. உங்கள் முகத்துக்கு வந்தால் ஏற்பாடு தவறு!

வீட்டுக்குள் புகை பிடிப்பதை இந்தச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் முன்பின் தெரியாத ஓட்டல் விருந்தாளிக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, சொந்த வீட்டுக் குழந்தைக்குக் கிடைக்க வேண்டாமா?

குளிர் ஊரில் ஓர் ஆபத்து

இதுவரை சொன்னது எல்லா ஊருக்கும் பொருந்தும். மலை ஊர்களில் இன்னோர் ஆபத்து இருக்கிறது. இது உயிர் போகிற ஆபத்து.

பழைய பங்களாவில் கணப்பு அடுப்பு எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே அறையில் புதிதாக ஒரு பலமான எக்ஸாஸ்ட் பேனை மாட்டுகிறார்கள். குளிருக்காக ஜன்னல்களைச் சாத்திவிடுகிறார்கள். பேன் சுற்றுகிறது. அதற்குக் காற்று வேண்டுமே! எங்கே இருந்து இழுக்கும்?

புகைபோக்கியில் இருந்து இழுக்கும்!

மேலே போக வேண்டிய புகை, தலைகீழாகக் கீழே இறங்கும். அதோடு கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவும் அறைக்குள் வரும்.

இந்த வாயுவுக்கு நிறம் இல்லை. மணம் இல்லை. நம் ரத்தம், பிராண வாயுவைவிட 200 மடங்குக்கு மேல் பலமாக இதைப் பற்றிக்கொள்ளும். முதலில் தலை வலிக்கும். பிறகு மயக்கம் வரும். வாந்தி வரும். தூங்குகிறவர்களுக்கு இது எதுவும் தெரியாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

கரி அடுப்பு இன்னும் மோசம். தணலாக இருக்கும் கரியில் கண்ணுக்குத் தெரியும் புகை இல்லை. அதனால் ஆபத்து இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். 2024 ஆகஸ்டு மாதம் கொடைக்கானலில் தங்கிய சுற்றுலாப் பயணிகள் 2 பேர் அறைக்குள்ளேயே இறந்துபோனார்கள். இறைச்சி சுட மூட்டிய கரி அடுப்பின் புகையே காரணம் என்று கூறப்பட்டது.

குளியல் அறையில் மாட்டும் கியாஸ் கீசரும் இப்படித்தான். காற்று வராத அறையில் அது விஷ வாயுவைக் கக்கும்.

ஆகவே, தணல் இருக்கும் அறையில் எக்ஸாஸ்ட் பேனை ஓட விடக்கூடாது. கரி அடுப்பைப் படுக்கை அறைக்குள் கொண்டுவரவே கூடாது. மூடிய அறையில் பலருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால், உடனே கதவு ஜன்னல்களைத் திறக்க வேண்டும். எல்லோரையும் வெளியே கொண்டுவந்து, 108 ஆம்புலன்சுக்குப் போன் செய்ய வேண்டும்.

சமையல் அறைக்கும் அதே கதைதான்

புகையின் கதையைச் சொல்லும்போது, மருமகள் ஒதுங்கிப் போனாளே, அந்தச் சமையல் அறையை மறக்கக் கூடாது.

புகைபோக்கி ஏன் சில வீடுகளில் நன்றாக இழுக்கிறது, சில வீடுகளில் புகையைத் திருப்பி விடுகிறது? 1790-களில் ரம்போர்டு பிரபு என்ற விஞ்ஞானி இதை ஆராய்ந்தார். புகைபோக்கியின் தொண்டை மிகவும் அகலமாக இருந்ததுதான் குற்றம் என்று கண்டார். அகலத் தொண்டை வழியாக அறையின் குளிர்ந்த காற்றும் சேர்ந்து ஏறுகிறது. புகை ஆறிப்போய்க் கீழே இறங்குகிறது. அவர் தொண்டையைச் சுருக்கினார். புகை நேராக மேலே போயிற்று. லண்டன் நகரத்தில் அவருக்கு ஏகப்பட்ட கிராக்கி!

இந்தியாவிலும் 1950-களில், ஐதராபாத் ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர் எஸ்.பி.ராஜு என்பவர், புகைபோக்கி வைத்த மண் அடுப்பை ஏழை வீடுகளுக்காக உருவாக்கினார். விறகு அடுப்பு எரியும் வீடுகளில் இன்றும் அதே தத்துவம்தான். உயரத்தில் புகை போக ஒரு வழி, தாழ்வில் காற்று வர ஒரு வழி.

ஆனால் விறகுப் புகைக்கும் சுருட்டுப் புகைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அடுப்பு இல்லாமல் வீடு இல்லை. அதனால் அதற்குப் புகைபோக்கி வைத்துத்தான் தீர வேண்டும். சுருட்டு வீட்டுக்குள் எரியவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை!

பேன் செய்ய முடியாத வேலை

இப்போது மகனின் கேள்விக்குப் பதில் சொல்லலாம்.

தனி அறை, சரியான பேன், காற்று வர வழி, தானாக மூடும் கதவு – எல்லாம் செய்தால் நாற்றம் வெகுவாகக் குறையும். கண் எரிச்சல் குறையும். ஆனால் ஆபத்து முழுவதும் போகாது.

2006-ல் அமெரிக்க அரசாங்கத்தின் தலைமை மருத்துவர் இதுபற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டார். மற்றவர் விடும் புகையில், "இவ்வளவு வரை தீங்கு இல்லை" என்று சொல்லத்தக்க அளவு எதுவும் கிடையாது என்று அந்த அறிக்கை கூறியது. தனி அறையோ, காற்றைச் சுத்தம் செய்யும் எந்திரமோ, பேனோ முழுப் பாதுகாப்பு தராது. கட்டிடத்துக்குள் புகை பிடிக்காமல் இருப்பது ஒன்றே பாதுகாப்பு என்றும் கூறியது.

ஏன்? தாத்தா கதவைத் திறந்து வரும்போது புகையும் கூடவே வருகிறது. அவர் சட்டையில் வருகிறது. போர்வையில் வருகிறது. அறையின் திரைச் சீலையிலும் மெத்தையிலும் சுவரிலும் படிந்த நஞ்சு, பல நாள் கழித்தும் காற்றில் கலந்துகொண்டிருக்கிறது. ஷெர்லாக் ஹோம்ஸ் கண்ட தடயம், வேறு உருவத்தில்!

புகை பிடிக்காமலே, மற்றவர் விட்ட புகையைச் சுவாசித்து இறப்பவர்கள் உலகத்தில் ஆண்டுக்கு 10 லட்சம் பேருக்கு மேல் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. குழந்தைகளுக்கு ஆஸ்துமா அதிகமாகும். நிமோனியா காய்ச்சல் வரும். காதில் சீழ் பிடிக்கும்.

அந்த அறைக்குள் தினமும் உட்காருகிற தாத்தாவைப் பற்றியும் நினைக்க வேண்டும். எவ்வளவு பலமான பேனாலும், அவர் வாயில் இருக்கும் புகையை இழுத்துக்கொள்ள முடியாது. வாய், தொண்டை, உணவுக் குழாய் ஆகிய இடங்களில் சுருட்டு புற்றுநோயைக் கொண்டுவருகிறது. முழுவதுமாக விட்டுவிடுவதே அவருக்கும் நல்லது. பல ஆண்டுப் பழக்கத்தை விட டாக்டர்கள் உதவி செய்கிறார்கள். வயதான பிறகு விட்டாலும் பலன் உண்டு.

விடுகிற வரை என்ன செய்வது?

மலை வீட்டில் வராந்தா இருக்கும். இல்லாவிட்டால் தோட்டம் இருக்கும். ஜன்னலுக்கும் வாசலுக்கும் தள்ளி, காற்று வீட்டைவிட்டு விலகிப் போகும் பக்கமாக ஒரு நாற்காலி போட்டால் போதும். ஒரு கம்பளியும், ஒரு சாம்பல் தட்டும் வைத்தால் போதும். பேன் வேண்டாம். கரண்டு வேண்டாம். சுவரை உடைக்க வேண்டாம். திண்ணையில் அமர்ந்த நம் பெரியவர்களுக்குத் தெரிந்த வழி அது.

சரி, மாமனாரிடம் இதை யார் சொல்வது?

மருமகள் சொல்லத் தயங்குகிறாள். மகன் சுவரை அளந்துகொண்டிருக்கிறான். பேரனுக்கு அந்தத் தயக்கம் எல்லாம் இல்லை. வராந்தாவில் நாற்காலியை இழுத்துப் போடுகிறான். கம்பளியைக் கொண்டுவந்து வைக்கிறான்.

"தாத்தா, உங்க இடம் இங்கே. சீக்கிரம் முடிச்சுட்டு வாங்க. கதை சொல்லணும்!"

பேரன் கூப்பிட்டால் எந்தத் தாத்தாதான் மறுப்பார்? வெளியே குளிர் கடுமையாகத்தான் இருக்கும். உள்ளே கதை காத்துக்கொண்டிருக்கும். சுருட்டு பாதியிலேயே அணைந்தாலும் ஆச்சரியம் இல்லை!